வரி ஏற்றாமல் நடத்திய போர்

அன்புள்ள ஐயா,

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திய போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வரிப்பணம் 20 வருடம் இப்படிக் கரைந்தும் அமெரிக்கர்களுக்கு ஏன் கோபம் வரவில்லை? இன்னொரு நாட்டைக் கட்டியெழுப்பப் போனதுதான் பெரிய வீண்செலவு என்று எனக்குப் படுகிறது.

கே.

அன்புள்ள கே.,

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மறுகட்டுமானத்தில் பணம் வீணானது உண்மை. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில், அமெரிக்க மரைன் படையின் முகாமுக்குள் 64,000 சதுர அடியில் ஒரு தலைமையகம் கட்டினார்கள். செலவு 3.6 கோடி டாலர். வேலை தொடங்கும் முன்பே, 2010இல், களத்தில் இருந்த தளபதிகள் இது வேண்டாம் என்று எழுதினார்கள். அமெரிக்க காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், ஒதுக்கிவிட்ட பணத்தை வேறு பக்கம் திருப்புவது சரியில்லை என்று மேலதிகாரி ஒருவர் மறுத்துவிட்டார். கட்டி முடித்தார்கள், எதற்காகக் கட்டினார்களோ அதற்கு ஒருநாள்கூடப் பயன்படவில்லை. ஆப்கன் விமானப்படைக்கு 54.9 கோடி டாலர் செலவில் 20 சரக்கு விமானங்கள் வாங்கிய கதையும் இப்படித்தான். அவற்றில் 16 விமானங்கள் பவுண்டு 6 சென்ட் விலைக்குக் காயலான் கடைக்குப் போயின. இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது அமெரிக்க அரசே நியமித்த சிறப்புத் தணிக்கை அலுவலகம்.

ஆனால் அதே அலுவலகத்தின் 2021 கணக்கைப் பாருங்கள். மறுகட்டுமானத்துக்கு 14,500 கோடி டாலர். சண்டைக்கு மட்டும் 83,700 கோடி. மறுகட்டுமானப் பணத்திலும் பாதிக்கு மேல் ஆப்கன் ராணுவத்துக்கும் போலீசுக்கும்தான் போனது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் சேர்ந்துதான் 5 வயதுக்குள் குழந்தைகள் சாவது அங்கே பாதியாகக் குறைந்தது. அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, கோபம் ஏன் வரவில்லை? யாருக்கும் பில் போகவில்லை, அதனால்தான். வியட்நாம் போர் நடக்கும்போது, 1968இல், அதிபர் ஜான்சனின் அரசு வருமான வரிமேல் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டது. போருக்கு என்ன விலை என்று சம்பளம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. 2001க்குப் பிறகு நடந்தது நேர்மாறு. அந்த வருடமும் 2003இலும் வரியைக் குறைத்தார்கள், போரைக் கடன் வாங்கி நடத்தினார்கள். வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே, அவசர நிதி என்ற பெயரில் வருடாவருடம் பணம் கேட்டார்கள். 2003இல் தொடங்கிய இராக் போரிலும் இதே கதைதான். இராக் தன் எண்ணெய் வருமானத்திலேயே தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் 2003 மார்ச்சில் காங்கிரஸ் குழுவிடம் சொன்னார். அப்புறம் அமெரிக்க கஜானாவிலிருந்து இராக் மறுகட்டுமானத்துக்குப் போனது சுமார் 6,000 கோடி டாலர்.

கடனும் வட்டியும் போக இன்னொரு செலவு இருக்கிறது, போருக்குப் போனவர்களின் பென்ஷனும் வைத்தியமும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதில் சண்டையிட்ட ஒருவரின் மகளுக்கு மாதம் 73.13 டாலர் பென்ஷன் 2020 வரை, அவர் இறக்கும் வரை, போய்க்கொண்டிருந்தது. 2001க்குப் பிந்தைய போர்களில் பணியாற்றியவர்களின் சிகிச்சைக்கும் உதவித்தொகைக்கும் 2050 வரை சுமார் 2.2 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இராக்கில் 2005இல் அடிபட்டு வந்த 20 வயதுப் பையனுக்கு 2050இல் 65 வயதுதான் ஆகும், வைத்தியச் செலவு கூடுகிற வயது. அதற்கு வரி கட்டப்போகிறவர்களில் பலர் அந்தப் போரின்போது பிறக்கவே இல்லை.