சென்டருக்குப் பணத்தைக் கூட்டிக் கொடுங்கள், வருஷத்தைக் கூட்டாதீர்கள்

கேள்வி: நண்பர்கள் 10 பேர் சேர்ந்து, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சம்பள விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு பேப்பரில் அணி நடத்தி விளையாடுகிறோம். என் அணியில் ஆட்டத்தை நடத்திப் பந்தைக் கொடுக்கும் நல்ல பாயிண்ட் கார்டு இருக்கிறார், ரிங்குக்கு அருகில் ஆடும் உயரமான சென்டர் இல்லை. இப்போது 23 வயது சென்டர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருக்கிறார். ஆட்டத்துக்கு 21 நிமிடம், 9 புள்ளி, 7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). சீசனுக்குப் பின் நடக்கும் ப்ளேஆஃபில் இரண்டு வாரம் பிரமாதமாக ஆடினார். வருஷத்துக்கு 1.8 கோடி டாலர்தான் பெறுவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நான் சொல்லும் தொகையைத் தானே கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு. அதனால் 4 வருஷத்துக்கு 9.6 கோடி, அதாவது வருஷம் 2.4 கோடி என்று சொல்லிவிடலாமா? சம்பளக் கணக்கில் எனக்கு 3 கோடி இடம் இருக்கிறது.

பதில்: தொகையைக் கூட்டலாம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த 4 வருஷம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். டிஆண்ட்ரே ஜோர்டன், பிஸ்மாக் பியோம்போ, ஜாரெட் ஆலன். மூவரும் சென்டர்கள். பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது மூவருக்கும் 23 வயது. ஜோர்டனுக்கு 2011-ல் 4 வருஷத்துக்கு 4.3 கோடி. பியோம்போவுக்கு 2016-ல் 4 வருஷத்துக்குச் சுமார் 7 கோடி. ஆலனுக்கு 2021-ல் 5 வருஷத்துக்கு 10 கோடி. தொகை ஏறிக்கொண்டே போவதாகத் தெரியும். ஆனால் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் அந்தந்த வருஷத்து உச்சவரம்போடு வைத்துப் பாருங்கள். 2011-ல் அது 5.8 கோடி, 2016-ல் 9.4 கோடி, 2021-ல் 11.2 கோடி. மூன்று அணிகளுமே அந்த உச்சவரம்பில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத்தான் சென்டருக்கு ஒதுக்கின. மூன்றுமே அதிகம் என்ற பேச்சு அப்போது இருந்தது.

ஜோர்டன் அதற்குப் பின் இரண்டு சீசன் ரீபவுண்டில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார், 2016-ல் சீசனின் சிறந்த ஐவரான ஆல்-என்பிஏ முதல் அணியில் இடம்பெற்றார். ஆலன் முதல் சீசனிலேயே ஆல்-ஸ்டார். பியோம்போவை இரண்டே வருஷத்தில் ஒர்லாண்டோ கைகழுவியது. ஒரே வயது, ஒரே விலை. அப்படியென்றால் தவறு விலையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

பியோம்போவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்கும் பையனின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 2016 ப்ளேஆஃபில் டொரன்டோவின் முதல் சென்டர் வாலன்சியூனஸ் காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். மாற்று ஆளான பியோம்போ உள்ளே வந்தார். மே 21, கிழக்குப் பிரிவு இறுதியின் மூன்றாவது ஆட்டம். கிளீவ்லாண்ட் அந்த ப்ளேஆஃபில் அதுவரை ஆடிய 10 ஆட்டங்களையும் வென்றிருந்தது. அன்று பியோம்போ 26 ரீபவுண்ட் எடுத்தார், 4 ஷாட்களைத் தடுத்தார். டொரன்டோ 99-84 என்று ஜெயித்தது. அந்த அரங்கத்தின் இரைச்சலை வீடியோவில் கேட்டாலே மயிர்க்கூச்செறியும். ஆனால் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்: 7. தாக்குதலில் அவர் செய்ய வேண்டியதெல்லாம் எதிராளியின் வழியை மறித்து நின்று ஸ்க்ரீன் வைப்பது, ரிங்கை நோக்கி ஓடுவது, விழுந்த பந்தை எடுப்பது. மீதியை கார்டுகளான லௌரியும் டிரோசனும் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒர்லாண்டோ அவரை எடுத்தது. அங்கே ஏற்கெனவே வூச்சவிச் என்ற சென்டர் இருந்தார். அதே கோடையில் இபாகாவையும் வாங்கியிருந்தார்கள். மூன்று பெரிய ஆட்களுக்கு இரண்டு இடம். டொரன்டோவில் பந்து தேடி வந்ததுபோல் அங்கே வரவில்லை. அந்த சீசனில் ஒர்லாண்டோ 29 வெற்றி, 53 தோல்வி. பியோம்போ அதே பியோம்போதான்; உழைப்பிலும் குறையில்லை. பின்னாளில் ஃபீனிக்ஸில் ஆடிய ஒரு சீசனின் சம்பளத்தை, அப்பாவின் நினைவாகக் காங்கோவில் மருத்துவமனை கட்டத் தருவதாக அறிவித்த மனிதர் அவர். அவரைக் கேலி செய்து எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆளை வாங்கினார்கள், அவருக்கான வேலையை வைத்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஜோர்டனுக்கு நேர்மாறாக நடந்தது. அந்த வருஷம் லாக்அவுட், அதாவது சம்பளத் தகராறில் முதலாளிகள் லீக்கை மூடிவைத்திருந்தார்கள்; ஃப்ரீ ஏஜென்சியே டிசம்பரில்தான் தொடங்கியது. கோல்டன் ஸ்டேட் அவருக்கு ஆஃபர் ஷீட், அதாவது தொகையோடு எழுதிய ஒப்பந்தம் கொடுத்தது, பழைய அணியான கிளிப்பர்ஸ் அதே தொகைக்குத் தக்கவைத்துக்கொண்டது. அதே வாரத்தில் பாயிண்ட் கார்டு கிரிஸ் பால் கிளிப்பர்ஸுக்கு வந்து சேர்ந்தார். ரிங்குக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட லீக்கிலேயே சிறந்த கை, அதைப் பிடித்து இறக்க ஒரு ஜோர்டன். பால் வராமல் இருந்திருந்தால் அந்த 4.3 கோடியைப் பற்றி நாம் இன்று வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

சென்டர் என்ற இடத்தின் இயல்பே இது. பந்து அவரிடம் தானாக வராது, யாராவது கொடுக்க வேண்டும். யோகிச், எம்பீட் போன்ற ஓரிருவர் விதிவிலக்கு. அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதிகம் என்று சொல்ல முடியாது, அதை விடுங்கள். உங்களிடம் நல்ல பாயிண்ட் கார்டு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்வியில் எனக்கு நம்பிக்கை கொடுத்த வரி அதுதான்.

அடுத்து அந்த 21 நிமிடம். ஏன் 21? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டாலர்கூடக் கூட்டாதீர்கள். அவருக்கு முன்னால் ஒரு மூத்த சென்டர் இருந்ததால் 21 என்றால் கவலையில்லை, வாய்ப்புக் கிடைத்தால் 30 ஆகும். ஃபௌல் அதிகம் ஆகி வெளியே உட்காருவதால் 21 என்றால், நீங்கள் சம்பளத்தை ஏற்றினாலும் நிமிடம் ஏறாது. அவர் ஆடிய ஆட்டங்கள் நாலைந்தை எடுத்து, எதிரணி ஸ்க்ரீன் வைக்கும் இடங்களை மட்டும் பாருங்கள். பந்தோடு கார்டு ஒரு பக்கம் வருவார், ஸ்க்ரீன் வைத்த பெரிய ஆள் ரிங்கை நோக்கி ஓடுவார். சென்டர் அந்த ஒரு வினாடி இருவரையும் கண்முன்னே வைத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். தேர்ந்தவர் காலைத் தரையிலேயே வைத்திருந்து கையை மட்டும் உயர்த்துவார். பழகாதவர் முதல் ஏமாற்றுக்கே எம்பிவிடுவார். பந்து பின்னால் போய்விடும், இல்லையென்றால் ஃபௌல். பத்துப் பதினைந்து தடவை பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அப்புறம் ஃப்ரீ த்ரோ. அது படுமோசமாக இருந்தால் கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே அவரைப் பிடித்து ஃபௌல் செய்வார்கள், பயிற்சியாளர் அவரை வெளியே எடுக்க வேண்டிவரும். ஜெயிக்க வேண்டிய நேரத்தில் இரண்டரைக் கோடி பெஞ்சில் இருக்கும்.

ப்ளேஆஃபின் அந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 2005-ல் சியாட்டிலின் ஜெரோம் ஜேம்ஸ் சீசன் முழுக்க 5 புள்ளிகூட இல்லாத சராசரி வைத்திருந்தவர். ப்ளேஆஃபில் 11 ஆட்டம், சராசரி 12.5. நியூயார்க் அதைப் பார்த்து 5 வருஷத்துக்கு 3 கோடி கொடுத்தது. அந்த ஆட்டம் நியூயார்க்குக்கு வரவே இல்லை.

சரி, வருஷத்துக்கு வருவோம். இதற்கு கோல்டன் ஸ்டேட்டின் ஆண்ட்ரிஸ் பீட்ரின்ஸைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 2008-ல் 22 வயது. ஆட்டத்துக்கு 10 புள்ளி, 10 ரீபவுண்டை ஒட்டிய சராசரி, போட்ட ஷாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் உள்ளே. 6 வருஷத்துக்கு 5.4 கோடி கொடுத்தார்கள். அன்றைக்கு அதை யாரும் பெரிய தவறு என்று சொல்லவில்லை. முதல் வருஷம் நன்றாகவே ஆடினார். இரண்டாம் வருஷம் காயம், கூடவே ஃப்ரீ த்ரோவில் பயம். 25 எறிந்து 4 மட்டும் உள்ளே போனது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகவே கூசியவர் ரிங்குக்கு அருகில் முட்டி மோதுவதையும் குறைத்துக்கொண்டார். அதன் பின் எழவே இல்லை. 2013-ல் இகுவோடாலா என்ற வீரரை எடுக்க கோல்டன் ஸ்டேட்டுக்கு இடம் தேவைப்பட்டது. பீட்ரின்ஸின் ஆறாவது வருஷத்துச் சம்பளம் குறுக்கே நின்றது. அவரையும் இன்னும் இரண்டு பேரையும் யூட்டா ஏற்றுக்கொள்வதற்காக, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று ட்ராஃப்ட் உரிமைகள் இரண்டை எந்த நிபந்தனையும் இல்லாமல் சேர்த்துக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு 90 லட்சம் என்பது அந்த அணியைச் சாய்த்திருக்காது. ஐந்தாவது, ஆறாவது வருஷம்தான் அந்த விலையை வாங்கியது.

2016-ல் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் கொட்டி, உச்சவரம்பு ஒரே கோடையில் 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியபோதும் இதே தவறுதான் நடந்தது. சென்டர்களான டிமோஃபி மோஸ்காவுக்கு 4 வருஷம் 6.4 கோடி, ஜோகிம் நோவாவுக்கு 4 வருஷம் 7.2 கோடி. ஒரே வருஷத்தில் மோஸ்காவைத் தள்ளிவிட லேக்கர்ஸ் டிஆஞ்சலோ ரஸ்ஸல் என்ற இளம் கார்டை உடன் அனுப்பியது. நோவாவை 2018-ல் நியூயார்க் விடுவித்தது, ஆனால் கடைசி வருஷச் சம்பளத்தை மூன்றாகப் பிரித்ததால் 2022 வரை அவர் பெயர் கணக்கில் இருந்தது. 2018-ல் ஒரு மூன்று அணி வியாபாரத்தில் ஒர்லாண்டோ பியோம்போவைக் கொடுத்து மோஸ்காவை வாங்கியது, யாருக்கும் வேண்டாத இரண்டு ஒப்பந்தங்களை இடம் மாற்றிக்கொண்டதுபோல. மோஸ்காவ் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இப்போது கூட்டிக் கொடுத்து ஜெயித்த கதை. 2024 ப்ளேஆஃபில் ஓக்லஹோமா சிட்டி டாலஸிடம் தோற்றது. ரீபவுண்டில் மெலிந்த அணி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கோடையில் நியூயார்க்கின் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனை எடுத்தார்கள். ஆட்டத்துக்கு 8 புள்ளி, 8 ரீபவுண்டை ஒட்டியவர், முந்தைய சம்பளம் வருஷம் 80 லட்சம். நியூயார்க்கால் விதிப்படி 4 வருஷத்துக்கு 7.25 கோடிக்கு மேல் போக முடியாது. ஓக்லஹோமா 3 வருஷத்துக்கு 8.7 கோடி கொடுத்தது. முதல் வருஷம் 3 கோடி, அன்றைய உச்சவரம்பில் 21 சதவீதம். பியோம்போவுக்குப் போனதைவிட அதிகம். ஆனால் இரண்டாம் வருஷம் 2.85 கோடியாக இறங்கும், மூன்றாம் வருஷம் வேண்டுமா என்பது அணியின் விருப்பம். அந்த மூன்றாம் வருஷம் எது என்று பாருங்கள்: அணியின் இளம் வீரர்கள் செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் இருவருக்கும் பெரிய சம்பளம் தொடங்கும் 2026-27. அதுவரை அவர்கள் குறைந்த சம்பளத்தில் இருந்ததால் கையில் இடம் சும்மா இருந்தது. அந்த இடத்துக்கு வேறு உபயோகம் இல்லாத இரண்டு வருஷத்துக்கு மட்டும் அள்ளிக் கொடுத்தார்கள். 2025-ல் கோப்பை வாங்கினார்கள். எனக்குத் தெரிந்து சென்டர் ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்ததில் இவ்வளவு அழகான ஒப்பந்தம் இன்னொன்று இல்லை.

உங்கள் 3 கோடியையும் இதே கண்ணால் பாருங்கள். மொத்தச் சம்பளம் உச்சவரம்பில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இளம் அணிக்குச் செலவழிக்காத இடத்தால் பெரிய லாபமில்லை. உங்கள் பாயிண்ட் கார்டுக்கு எப்போது பெரிய சம்பளம் வருகிறது? அந்த வருஷத்துக்கு முன்னால் சென்டரின் ஒப்பந்தம் முடிய வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3 வருஷத்துக்கு 7.41 கோடி சொல்வேன். முதல் வருஷம் 2.6, அடுத்தது 2.47, கடைசியில் 2.34. வேறு அணி ஆளை எடுக்கும்போது வருஷத்துக்கு 5 சதவீதம்தான் இறக்கலாம், அதை முழுசாகப் பயன்படுத்துகிறோம். 2025-26 உச்சவரம்பான 15.46 கோடியில் முதல் வருஷம் 17 சதவீதத்துக்குள் வருகிறது. உச்சவரம்பு ஏற ஏற உங்கள் பாரம் இரண்டு பக்கமும் குறையும். பையனுக்கும் இது மோசமில்லை: 26 வயதில் மறுபடி சந்தைக்கு வரலாம். பழைய அணி, மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் விழும் ஆடம்பர வரிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் முதல் வருஷத்தின் அந்த 2.6 கோடிதான் அவர்களுக்கு வலிக்கும். 9.6 கோடி என்ற மொத்தத்தைவிட அது நல்ல ஆயுதம். கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறார்கள் என்றால், நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அவர்கள் தக்கவைத்துக்கொள்வார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி நடந்தால் மனம் தளர வேண்டாம். 2022-ல் இண்டியானா, ஃபீனிக்ஸின் டிஆண்ட்ரே எய்ட்டனுக்கு 4 வருஷத்துக்கு 13.3 கோடி சொன்னது. ஃபீனிக்ஸ் உடனே அதே தொகைக்குத் தக்கவைத்தது, அடுத்த வருஷமே போர்ட்லாண்டுக்கு அனுப்பிவிட்டது. இண்டியானா அந்த இடத்தை வைத்துத் தன்னிடமே இருந்த மைல்ஸ் டர்னருக்கு அந்த சீசன் சம்பளத்தை உயர்த்தி, மேலும் 2 வருஷம் ஒப்பந்தம் போட்டது. அந்த டர்னரோடுதான் 2025 இறுதிப் போட்டிவரை போனார்கள். ஆனால் ஒன்று: பதில் வரும்வரை உங்கள் பணம் பூட்டிக் கிடக்கும், அந்த நாளில் மற்ற சென்டர்களை உங்கள் நண்பர்கள் எடுத்துவிடுவார்கள். ஆஃபர் ஷீட்டை நீட்டுவதற்கு முன்னால், 1.2 கோடிக்கு உங்கள் கார்டோடு ஸ்க்ரீன் வைத்து ஓடக்கூடிய இரண்டாவது ஆள் யார் என்று பார்த்து, அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.