சீசன் முடியும்போது வந்து இறங்கிய சேலைகள்: யாரிடம் நஷ்டம் கேட்பது?

கேள்வி: விருதுநகர் பக்கம் சின்ன ஜவுளிக்கடை நடத்துகிறேன். போன தீபாவளிக்காக ஆகஸ்டிலேயே சூரத் பார்ட்டியிடம் போனில் ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு சேலை ஆர்டர் போட்டேன். தீபாவளிக்கு இருபது நாள் முன்னதாகவே சரக்கு கடைக்கு வந்துவிடும் என்றார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் இரவுதான் வந்து இறங்கியது. சரக்கை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே, “சீசன் போச்சு, இந்த நஷ்டத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்று வாட்ஸப் அனுப்பினேன். பாதி சேலை இன்னும் அலமாரியில் இருக்கிறது. பாக்கி இரண்டு லட்சத்தைக் கேட்டு இப்போது நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள். “லாரியில் ஏற்றியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது” என்கிறார் சூரத்காரர். லாரி ஆபீஸோ தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறது. இந்த வருஷமும் இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: கடன் வாங்கி சீசன் சரக்கு போடும் சின்னக் கடைக்காரர்களில் பலர் இதே இடத்தில்தான் அடிபடுகிறார்கள். தேதி எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்தத் தாளிலும் இருக்காது.

சூரத்காரர் சொல்வதில் சட்டப்படி பாதி உண்மை இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, வாங்குபவருக்கு அனுப்புவதற்காக லாரிக்காரரிடம் சரக்கை ஒப்படைத்தாலே, மேலோட்டமாகப் பார்த்தால் அது உங்களிடமே ஒப்படைத்த மாதிரிதான். ஆனால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தால் பேச்சுதான் செல்லும். கடைக்கு வந்து சேரும் தேதியைத்தான் அவர் உங்களிடம் ஒப்புக்கொண்டார். வியாபார ஒப்பந்தங்களில் டெலிவரி தேதியை நீதிமன்றங்கள் பொதுவாக முக்கிய நிபந்தனையாகவே பார்க்கின்றன. அப்படி ஒரு தேதி பேசப்பட்டது என்று காட்டுவதுதான் உங்கள் வேலை. ஆகஸ்ட் முதல் நடந்த மெசேஜ், வாய்ஸ் நோட், ஏஜென்ட் அனுப்பிய தகவல் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். லாரி ரசீதில் புக்கிங் தேதி என்ன என்றும் பாருங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் புக் செய்திருக்கிறார் என்றால் லாரி மேல் பழி போட அவருக்கு வழியே இல்லை.

உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் அந்த வாட்ஸப் மெசேஜ்தான். தாமதமாக வந்த சரக்கை ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே “நஷ்டஈடு கேட்பேன்” என்று தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்க முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவு. நீங்கள் தெரிவித்துவிட்டீர்கள். அந்த போனை மாற்றாதீர்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் பாக்கி இரண்டு லட்சத்தையும் அப்படியே நிறுத்திவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சேலை கெட்டுப்போகவில்லை, பொங்கலுக்கும் முகூர்த்தத்துக்கும் விற்கக்கூடிய சரக்கு. நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின்படி நீதிமன்றம் பார்க்கும். தள்ளுபடியில் விற்ற பில்களைச் சேர்த்து, விலையில் விழுந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, அதைக் கழித்து மீதியைக் கொடுக்க முன்வாருங்கள். எதிர்த்தரப்பு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் போக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறு தொழில்களின் பாக்கி வழக்குகளுக்கான கவுன்சில் விசாரணையும் அவர்கள் ஊரில்தான் நடக்கும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்திருந்தால் அந்த 45 நாள் கணக்கே மாறும் என்பதால், இங்கேயும் உங்கள் மெசேஜ் உதவும். நோட்டீஸுக்குப் பதில் கொடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

லாரி ஆபீஸிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில், அனுப்புபவர் எழுதிக் கொடுக்கும் ஃபார்வர்டிங் நோட்டில் குறித்த கால அளவுக்குள் வரும் தாமதத்துக்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகைத் தொகையோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால், கூடுதல் ரிஸ்க் கட்டணம் (லாரிக்காரர் அதிகப் பொறுப்பு ஏற்பதற்கான தொகை) கட்டாதவருக்கு உச்சவரம்பு வாடகையின் பத்து மடங்கு. 14,000 ரூபாய் வாடகை என்றால் 1,40,000. ஐந்தரை லட்சம் சரக்கே தொலைந்தாலும் அவ்வளவுதான். தொலைந்தால், சேதமானால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். தாமதத்துக்கும் அதே கெடுவை வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. உங்களுக்கு அந்தக் கெடு போய்விட்டது.

கையெழுத்துப் போட்ட தாளில் உள்ள வரம்பை நீதிமன்றம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு 1996-ல் வந்த பாரதி நிட்டிங் தீர்ப்பு ஒன்றே போதும். 1990 கோடை சீசனுக்காக ஜெர்மனிக்குப் போன ஆடைகளின் ஆவணங்கள் கூரியரில் போய்ச் சேரவில்லை. சீசன் முடிந்ததால் வாங்கியவர் விலையைக் குறைத்தார். கூரியர் தாளில் இருந்த 100 டாலர் வரம்பையே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

சரி, இந்த வருஷம். தீபாவளி நவம்பர் 8. ஆர்டரை போனில் பேசினாலும், பேசி முடித்ததும் மெயிலில் இப்படி எழுதுங்கள்: “இந்தச் சரக்கு 2026 தீபாவளி விற்பனைக்கானது. அக்டோபர் 10-க்குள் எங்கள் கடையில் ஒப்படைக்க வேண்டும், அதுவே டெலிவரி. இந்தத் தேதி ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை. தாமதமானால் சரக்கை மறுக்கவோ, வாரத்துக்கு இவ்வளவு சதவீதம் கழித்து ஏற்கவோ எங்களுக்கு உரிமை உண்டு.” தீபாவளிக்கு என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். சீசன் நஷ்டம் வரும் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதுதான் ஆதாரம். கழிவு சதவீதத்தை மிகையாகப் போட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான அளவுக்குத்தான் கிடைக்கும். அவரிடமிருந்து “ஓகே” என்று பதில் வந்த பிறகே அட்வான்ஸ் அனுப்புங்கள். அவருடைய பில்லில் “சூரத் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்ற வரி இருக்கும். அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபார்வர்டிங் நோட்டில் சரக்கின் முழு மதிப்பையும் கால அளவையும் எழுதி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டி, அதன் போட்டோவைப் புக்கிங் அன்றே அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் பரவாயில்லை, டிரான்சிட் இன்ஷூரன்ஸும் எடுங்கள்.

அப்புறம் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்-சீட்டு. சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. சூரத்திலிருந்து உங்கள் ஊர் 1,600 கிலோமீட்டருக்கு மேல்; எட்டு ஒன்பது நாள்தான் கிடைக்கும். சீசன் நெரிசலில் நடுவழி குடோனில் சரக்கு கிடந்தால் அது காலாவதியாகும். காலாவதிக்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். நீட்டிக்காத லாரியைப் பிடித்தால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகும், சரக்கும் அங்கேயே நிற்கும். யார் நீட்டிப்பது என்று லாரி ஆபீஸ்காரரின் பெயரோடு ஆர்டர் மெயிலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.