அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கிரேடு 3 என்று இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜ் என்றுதானே அர்த்தம்?

இல்லை. கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. மார்பில் 2 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, ஆரம்ப நிலைதான் என்று டாக்டர் சொல்லியும் அந்த 3-ஐப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2021-இல் என் அம்மாவின் ரிப்போர்ட்டில் அதே 3-ஐப் பார்த்துவிட்டு, தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நானும் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். எங்களிடம் "மூணாவது ஸ்டேஜும்மா" என்று சொன்னது லேப் கவுன்ட்டரில் ரிப்போர்ட் கொடுத்த ஆள். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தெரியாததைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அந்த ஆள்.

கட்டி எவ்வளவு பெரியது, எங்கே வரை போயிருக்கிறது என்பதுதான் ஸ்டேஜ். கிரேடு என்பது செல்களின் குணம். மைக்ராஸ்கோப்பில் மூன்று விஷயம் பார்க்கிறார்கள். செல்கள் இயல்பான குழாய் வடிவில் அமைந்திருக்கின்றனவா, அவற்றின் கரு எவ்வளவு கோணல்மாணலாக இருக்கிறது, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மார்க். கூட்டினால் 5 வரை கிரேடு 1. 6, 7 வந்தால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3. அம்மாவுக்கு '3+3+2=8' என்று போட்டிருந்தார்கள். வேகமாக வளரும் ரகம், அதனால் கீமோ வேண்டும் என்றார் டாக்டரம்மா. பரவிவிட்டது என்று அவர் சொல்லவே இல்லை.

அப்புறம், அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப நிலையில் மிக முக்கியமான தகவல்களில் ஒன்று, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளில் நோய் ஏறியிருக்கிறதா என்பது. அது ஆபரேஷனுக்குப் பிறகுதான் உறுதியாகத் தெரியும். அம்மாவுக்குக் கட்டி 2.4 செ.மீ., நெறிக்கட்டி '0/14'. அதாவது எடுத்துப் பார்த்த 14-இல் ஒன்றில்கூட இல்லை. அந்தச் சுழியத்தை டாக்டரம்மா பேனாவால் வட்டமிட்டுக் காட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், அதாவது செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள். ஹெர்2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவ் என்றால் நல்லது, மாத்திரையால் அடக்க வழி இருக்கிறது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் ஒரு காலத்தில் மோசமான செய்தி. ஹெர்2-வைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் ஊசி வந்த பிறகு அந்த நிலை நிறையவே மாறிவிட்டது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் சிகிச்சை கடுமையாக இருக்கும். அந்த ரகம் திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களிலேயே வரும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அபாயம் நன்றாகக் குறைகிறது.

அம்மாவுக்கு ஹெர்2 '2+' என்று வந்தது. 3+ என்றால் பாசிட்டிவ், 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் இரண்டுங்கெட்டான், ஃபிஷ் என்ற டெஸ்ட் செய்துதான் முடிவு சொல்வார்கள். அதற்காக, பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை லேபில் வாங்கிக்கொண்டு மெட்ரோவில் தேனாம்பேட்டை போனேன். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, மெழுகுக்குள் வெளிர் நிறத்தில் ஒரு துணுக்கு. அம்மாவின் உடம்பில் இருந்தது. வழி முழுக்கக் கையிலேயே பிடித்திருந்தேன். ரிசல்ட் நெகட்டிவ்.

ஈ.ஆர். பாசிட்டிவ் என்பதால் கீமோ முடிந்ததும் லெட்ரோசோல் மாத்திரை. மூட்டுவலி தாங்காமல் அம்மா ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். காலி அட்டை குப்பையில் விழவில்லையே என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இந்த ரகம் 5 வருடம், 10 வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. வலிக்கிறது என்று சொன்னால் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். எங்களுக்கும் மாற்றினார், இப்போது அம்மா தினமும் காலையில் போடுகிறார்.

உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் அந்த மூன்று வரிகளும் வந்துவிட்டனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த மூன்றும் இருக்கும் இம்யூனோ ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேளுங்கள். ஹெர்2-வில் 2+ இருந்தால் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள்.