உத்தரப் பிரதேசத்துக்கு அயல் மாநிலம் எட்டா, ஒன்பதா?

8 தான் சரி. வெள்ளவத்தைப் பொது அறிவுப் போட்டியில் நீங்கள் எழுதிய 9க்குப் புள்ளி தராதது நடுவரின் பிழையல்ல.

அநேகமாக டில்லியையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். எல்லையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது மாநிலம் அல்ல, ஒன்றியப் பிரதேசம்.

வரைபடத்தை எடுத்து வடக்கிலிருந்து வலஞ்சுழியாக விரலை ஓட்டிப் பாருங்கள்: உத்தராகண்ட், பிறகு நேபாளம் (அது நாடு, விட்டுவிடுங்கள்), பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா, கடைசியில் ஹிமாச்சலப் பிரதேசம். இந்தக் கடைசி ஆள்தான் கள்ளன். சஹரான்பூர் மாவட்டத்தின் வடக்கு மூலையில் கொஞ்சமாகத் தொட்டுவிட்டுப் போகும். அதைக் காணாமல் 7 என்று எழுதுகிறவர்களும் உண்டு.

வீட்டில் பழைய அட்லஸ்தான் இருக்கிறதென்றால் கவனம். உத்தராகண்ட், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மூன்றும் 2000 நவம்பரில்தான் பிறந்தன. அதற்கு முந்தைய படத்தில் 5 தான் வரும். அதன் பின் சில வருடங்களுக்குள் அச்சான படமென்றால் உத்தராகண்டின் இடத்தில் உத்தராஞ்சல் என்று இருக்கும். 2007இல்தான் பெயரை மாற்றினார்கள். இரண்டும் ஒன்றே, இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள்.

அப்புறம், "ஒரே ஒரு அயல் மாநிலம் உள்ளது எது" என்று கேட்டால் எல்லோரும் சிக்கிம் என்பார்கள். மேகாலயாவும் அப்படித்தான். சிக்கிமுக்கு மேற்கு வங்கம், மேகாலயாவுக்கு அசாம். ஒன்றை மட்டும் விடையாக வைத்திருந்தால் தாராளமாகச் சண்டை பிடியுங்கள்.