பேத்தியின் அதிபர் கனவும் கடவுள் மறுப்பும்

கேள்வி: என் மகள் குடும்பம் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸில் இருக்கிறது. அங்கேயே பிறந்த பேத்திக்கு இப்போது 17 வயது. ஒரு நாள் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்பேன் என்கிறாள். போன விடுமுறைக்கு இங்கே வந்தபோது, "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை பாட்டி" என்று சொல்லிவிட்டு, விளக்கேற்றும் நேரத்தில் மாடிக்குப் போய்விட்டாள். "இதை வெளியில் சொல்லாதே, கடவுளை ஒப்புக்கொள்ளாதவர் பதவிக்கு வர முடியாது என்று டெக்சாஸ் சட்டத்திலேயே இருக்கிறது" என்று மருமகன் அவளை அடக்குகிறார். அவர் சொல்வது உண்மையா? நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மருமகன் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, அம்மா. மத நம்பிக்கையைக் காரணம் காட்டி யாரையும் பதவியிலிருந்து விலக்கக் கூடாது என்று சொல்லும் டெக்சாஸ் அரசியல் சாசனப் பிரிவு, அதே வாக்கியத்தில், பரம்பொருள் ஒன்று உண்டென்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்திருக்கிறது. ஆனால் அது இன்று ஏட்டுச் சுரைக்காய். மேரிலாந்து மாநிலத்தில் கடவுள் உண்டென்று உறுதிமொழி தர மறுத்ததால் நோட்டரி பதவியை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அதிபர் பதவிக்கோ அந்தச் சிக்கலே இல்லை. எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்று 1787-இல் எழுதப்பட்ட நாட்டின் சாசனமே சொல்கிறது. பதவியேற்கும்போது சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதி கூறலாம். 1853-இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் அப்படித்தான் பதவியேற்றார்.

சட்டம் விட்டாலும் வாக்காளர் விட வேண்டுமே என்பதுதான் மருமகனின் உண்மையான கவலையாக இருக்கும். அது நியாயமான கவலை. 1928-இல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் போட்டியிட்டபோது, அவர் வென்றால் போப்பாண்டவரே அமெரிக்காவை ஆள்வார் என்று பயமுறுத்தினார்கள். அவர் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1960-இல், உங்கள் பேத்தியின் மாநிலத்திலேயே, ஹூஸ்டன் நகரில், புராட்டஸ்டன்ட் போதகர்கள் நிறைந்த அரங்கில் கென்னடி எழுந்து நின்று, தாம் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு கத்தோலிக்கரான பைடன் நின்றபோது அந்தப் பழைய பயத்தைக் கிளப்பினாலும் எடுபட்டிருக்காது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட இந்துவான விவேக் ராமசாமியிடம் 2023-இல் அயோவா வாக்காளர் ஒருவர் மதத்தைப் பற்றி நேருக்கு நேர் கேட்டார். அவரும் மறைக்காமல் பதில் சொன்னார். அந்த மாநிலத்தில் நான்காவதாக வந்து அவர் போட்டியிலிருந்து விலகியதற்கு மதம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நம்பிக்கையில்லாதவர்களின் பாடு இதைவிடக் கடினம். தகுதியுள்ள ஒரு நாத்திகரைத் தங்கள் கட்சியே நிறுத்தினால் வாக்களிப்பீர்களா என்று கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1958-இல் கேட்டபோது, ஆம் என்றவர்கள் 18 சதவீதம்தான். 2020-இல் அது 60 ஆனது. அதே 2020-இல் கத்தோலிக்கருக்கு 95, முஸ்லிமுக்கு 66. ஆக, வரிசையில் இன்னும் பின்னால்தான் நிற்கிறார்கள். ஆனால் வரிசை நகர்கிறது. 35 வயது ஆகாமல் அதிபராக முடியாது என்பதால், உங்கள் பேத்திக்கு இன்னும் 18 ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

அதுவரை மூடி மறைக்கச் சொல்லலாமா? கூடாது என்பேன். ஆபிரகாம் லிங்கன் 1846-இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, எதிரே நின்ற பீட்டர் கார்ட்ரைட் பெயர்பெற்ற மெதடிஸ்ட் போதகர். லிங்கன் மதத்தை இகழ்கிறவர் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அவர் ஒரு துண்டறிக்கை அச்சிட்டார். எந்தத் திருச்சபையிலும் நான் உறுப்பினன் அல்ல, அது உண்மை என்று முதலில் ஒப்புக்கொண்டார். வேதத்தின் உண்மையை நான் மறுத்ததில்லை, மதத்தை வேண்டுமென்றே அவமதித்துப் பேசியதும் இல்லை என்று அடுத்துச் சொன்னார். அவசரமாகப் போய் ஒரு சபையில் பெயர் எழுதிக்கொள்ளவில்லை. வென்றார். கடைசி வரை எந்தச் சபையிலும் சேரவும் இல்லை. (இதில் லிங்கனின் சாமர்த்தியமும் கலந்திருக்கிறது, எதை உறுதியாக நம்பினார் என்பதை அந்தத் தாளில் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.) கேட்டால் பொய் சொல்லாதே, கேட்காத இடத்தில் பறைசாற்றாதே, நம்புகிறவரைக் கேலி செய்யாதே என்று பேத்தியிடம் நீங்கள் சொல்லலாம். மருமகனுக்கும் இந்தத் துண்டறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

அதிபர் பதவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது அந்த மாடிப்படியில்தான். அடுத்த முறை அவள் வரும்போது, கும்பிடு என்று சொல்ல வேண்டாம். திரி போட்டுவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தருகிறாயா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.