வீட்டில் நகைப் படம் எடுக்கும்போது விழும் கடுமையான நிழலை எப்படிக் குறைப்பது?

கவரிங் நகைகளை வீட்டிலேயே படம் எடுத்து விற்பதாகவும், நிழல் கறுப்பாக விழுவதாகவும், பல்பில் பட்டர் பேப்பர் சுற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பல்பின் மேலேயே சுற்றினால் வெளிச்சம் மங்குமே தவிர, மென்மையாகாது. நகை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. உச்சி வெயிலில் கூர்மையாக விழும் நிழல், மேகம் மூடியதும் கரைந்துபோவது இதனால்தான்.

துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளை வேட்டிக்கு இணையாக நான் எதையும் சொல்லமாட்டேன். அதைக் கொடியில் மடிப்பில்லாமல் தொங்கவிட்டு, நகைக்கு ஒரு முழ தூரத்துக்குள் கொண்டுவாருங்கள். விளக்கு துணிக்குப் பின்னால் மூன்று நான்கு அடி தள்ளி இருக்கட்டும். துணியின் நடுவில் மட்டும் வட்டமாக ஒளி தெரிந்தால் விளக்கை இன்னும் பின்னுக்கு நகர்த்துங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகக் குறையும். பரவாயில்லை, படம் பதிய அதிக நேரம் பிடித்தாலும் நகை அசையப்போவதில்லை. போனை ஸ்டாண்டில் பொருத்தி டைமர் வைத்து எடுங்கள். துணிக்கு அருகில் எல்.இ.டி. பல்பு மட்டுமே எரிய வேண்டும்; ஹாலஜன் சூட்டில் துணி தீப்பற்றிவிடும்.

எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் நிழல் இன்னும் இளகும். அலுமினியத் தாள் வேண்டாம், அதன் கசங்கல் நகையில் அப்படியே தெரியும்.

ஆனால் நாலாபுறமும் வெள்ளையாக்கிவிடாதீர்கள். பளபளக்கும் உலோகம் தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும். எல்லாம் வெள்ளையானால் முலாம் வெளிறி, வேலைப்பாடு மறைந்துவிடும். கறுப்பு சார்ட் அட்டையில் ஒரு பட்டை வெட்டி, படத்துக்குள் வராதபடி ஓரமாக நிறுத்திப் பாருங்கள். அட்டிகையின் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பட்டையை விரலளவு நகர்த்தினாலும் நகையின் தோற்றம் மாறும், அவசரப்படாதீர்கள்.

மஞ்சளேறிய துணியும் வண்ணத் திரைச்சீலையும் ஆகாது, அந்த நிறம் நகையில் ஏறிவிடும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, நகை இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, அது படத்திலும் வெள்ளையாகவே தெரியும்படி கேமராவின் ஒயிட் பேலன்ஸ் அமைப்பைச் சரிசெய்யுங்கள்.

பகலில் எடுப்பதானால் விளக்கே தேவையில்லை. வெயில் அடிக்கும் ஜன்னலில் அதே வேட்டியைக் கட்டி, நகையை அதை ஒட்டி வைத்தாலே போதும்.