சேமலாப நிதியைத் தொட வேண்டாம்: ஆவணப்படத் துறைக்குப் போக விரும்பும் மகளின் தாய்க்கு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் சென்ற வாரம் என்னைக் காண வந்திருந்தார்கள். மகள் உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். தாய்க்கு ஐம்பது வயது நிறைந்துவிட்டதால், முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அந்தப் பணத்தோடு நகையையும் அடகு வைத்து, 12 இலட்சம் ரூபாய் கட்டி, தனியார் நிறுவனமொன்றில் வணிக முகாமைத்துவப் பட்டப்படிப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கும்படி கொழும்பிலுள்ள தாய்மாமன் நெருக்குகிறார். பிள்ளையோ ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். "படம் கிடம் என்று அலைந்தால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள், சேர்?" என்று கேட்கும்போதே அந்தத் தாயின் கண் கலங்கிவிட்டது.

அம்மா, அன்று நான் ஆறுதல் சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். அது போதாது என்று பிறகு பட்டதால், சொல்ல வேண்டியதை எழுதியே தருகிறேன்.

முதலில் பணத்தைப் பேசுவோம். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், 12 இலட்சம் என்பது ஏறத்தாழ 889 நாள் முழுப் பேர், அதாவது 889 முழு நாள் வேலை. மாதம் இருபது பேர் விழுந்தாலும், அரிசிக்கும் மருந்துக்கும் ஒரு சதம்கூட எடுக்காமல், மூன்று வருடமும் எட்டு மாதமும் மலை ஏறி இறங்கினால்தான் அந்தத் தொகை சேரும். பிள்ளைக்கு அந்தப் படிப்பில் விருப்பம் உண்டா என்று நான் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். விருப்பமில்லாத படிப்புக்கு உங்கள் முதுமைக்கால அரிசியைக் கொடுக்க எந்த உறவினருக்கும் உங்களை வற்புறுத்தும் உரிமை கிடையாது. உங்கள் தம்பி நல்லதை நினைத்தே சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; ஆனால் பட்டமளிப்பு உடையில் ஒரு படம் சுவரில் தொங்குவதால் அடகுக் கடை வட்டி நின்றுவிடாது. இதே கண்டிப்பை மகளுக்கும் சொல்கிறேன்: கெமரா வாங்கவும் அந்த நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது.

ஆசிரியர் நியமனம், தாதியர் பயிற்சி, கணினிப் படிப்பு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு ஊரே சொல்லும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள் அன்று தொலைபேசியில் காட்டிய, ரதி மதன் கதையை ஆடும் காமன் கூத்துக் காணொளியைவிட, அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த சீ.ஆர். கொப்பிதான் என்னை நிறுத்தியது. நீங்கள் அதைப் பள்ளிக்கூடக் கொப்பி என்று நினைத்திருப்பீர்கள். ரதியாக ஆடியவர், மதனாக ஆடியவர், தப்படித்த நால்வர் என்று ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே அவர் குடியிருக்கும் லயத்தின் (தோட்ட வரிசை வீட்டின்) எண்ணும், "சம்மதம் உண்டு" என்றோ "முகம் வேண்டாம்" என்றோ ஒரு குறிப்பும் இருந்தன. பாட்டை மட்டும் எடுத்துக்கொள், முகத்தை எடுக்காதே என்று சொன்ன பாட்டியின் பெயரைச் சிவப்பு மையால் கட்டம் கட்டியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் மெமரி கார்ட், டோர்ச் பற்றரி, தப்புக்காரருக்குத் தேநீரும் பணிசும், காமன் எரித்த இரவில் வீடு திரும்பிய முச்சக்கர வண்டி என்று செலவுக் கணக்கு சதம் பிசகாமல் இருந்தது. படம் பிடித்தது அவளுடைய சித்தப்பா மகன். அவள் செய்தது வேறு வேலை. அந்த வேலைக்கு உலகமெங்கும் ஒரு பெயர் உண்டு. அவள் ஒரு தயாரிப்பாளர்.

தயாரிப்பாளர் என்றதும் சினிமாவுக்குக் கோடி கோடியாய்ப் பணம் போடும் முதலாளிதான் நம் மக்களின் நினைவுக்கு வருகிறார். சுயாதீன ஆவணப்படத்தில் தயாரிப்பாளர் வழமையாகத் தன் பணத்தைப் போடுவதில்லை. படத்துக்குரிய பணத்தைத் தேடிக் கொண்டுவந்து, அதற்குக் கணக்குச் சொல்லி, படம் முடிந்து மக்களைச் சேரும்வரை காவல் நிற்பவர் அவர். இயக்குநர் ஒரு கதையோடு வந்ததும், ஒரு பக்கச் சுருக்கம், படம் எப்படி விரியும் என்ற விரிவான விவரணம், வரவு செலவுத் திட்டம், எந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற நிதித் திட்டம், மூன்று முதல் ஐந்து நிமிட மாதிரிக் காட்சி ஆகியவற்றைத் தயாரிப்பாளரே ஒருங்கிணைக்கிறார். ஆய்வு, படப்பிடிப்பு நாட்கள், பயணம், குழுவினரின் கூலி, கருவி வாடகை, படத்தொகுப்பு, ஒலிக்கலவை, உபதலைப்பு, பாடல் உரிமை என்று தலைப்பு தலைப்பாகத் தொகை எழுதி, எதிர்பாராத செலவுக்கென்று வழமையாகப் பத்து வீதம் அளவில் ஒதுக்க வேண்டும். நம் மலையில் மே மாதம் மழை பிடித்தால் அந்த ஒதுக்கீட்டின் அருமை தெரியும்.

அனுமதி பெறுவது இன்னொரு பெரிய வேலை. தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 இல் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது; தோட்டத்துக்குள் படம் பிடிக்க முகாமையாளரின் எழுத்து மூல இணக்கம் வேண்டும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பழைய வெள்ளைக்காரர் காலத்துக் காட்சிகளைச் சேர்ப்பதானால் அவற்றை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்திடம் உரிமை வாங்க வேண்டும். படத்தில் தோன்றுபவர் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் வாங்குவதும், பதிவுகளை மூன்று பிரதிகளாக்கி ஒன்றை வேறு இடத்தில் பாதுகாப்பதும் தயாரிப்பாளரின் பொறுப்பே. இவற்றில் பாதியை உங்கள் மகள் யாரும் கற்றுக்கொடுக்காமலே செய்திருக்கிறாள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது படத்தையே மாற்றிவிடும். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் செலவில், ஜோன் கிரியர்சன் தயாரிக்க, பசில் ரைட் இயக்கி 1934 இல் வந்த, இந்நாட்டைப் பற்றிய 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தை உலகம் இன்றும் பாடமாகப் படிக்கிறது. அதன் வர்ணனை 1681 இல் றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. தேயிலை விற்பதற்காகக் கொடுக்கப்பட்ட பணத்தில் எழுந்த படத்துக்கு, நம் மூதாதையரின் வாய்மொழி தேவைப்படவில்லை. மலையகத்தின் கதைக்கு மலையகத்திலிருந்தே தயாரிப்பாளர்கள் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சுயாதீன ஆவணப்படங்களுக்கு நிதியும் மேடையும் தருபவர்கள் இருக்கிறார்கள். அம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவோடு இணைந்த பெர்தா நிதியம் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் படைப்பாளிகளுக்கு உதவுகிறது. கல்கத்தாவின் டொக்கெட்ஜ் என்ற ஆவணப்பட நிகழ்வு, திட்டத்தை நிதியாளர் முன் எடுத்துச் சொல்லப் பயிற்சியும் களமும் தருகிறது. காத்மண்டுவில் தெற்காசிய ஆவணப்பட விழா 1997 முதல் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா உண்டு. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: ஒரு முழுநீள ஆவணப்படம் முடிய மூன்று, நான்கு ஆண்டுகள் எடுப்பது சாதாரணம், அதை மட்டும் நம்பி மாதச் சம்பளம் வராது. இத்துறையினர் இடையில் தொண்டு நிறுவனங்களுக்குக் குறும்படம் செய்தும், உபதலைப்பு மொழிபெயர்த்தும், வெளிநாட்டுக் குழுக்களுக்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக இருந்தும் பிழைக்கிறார்கள். தேயிலை மலையைப் படம் பிடிக்க வரும் குழுவுக்கு, தமிழில் லயத்தோடும் சிங்களத்தில் அலுவலகத்தோடும் ஆங்கிலத்தில் தங்களோடும் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். ஆகவே உங்கள் மகளுக்குச் செலவழிப்பதானால் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் செலவழியுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு அவள் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி இடம் கொடுத்தால், பேராதனையில் சமூகவியலோ வரலாறோ படிக்கலாம். அரசப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது, ஆவணப்படத்துக்கு அந்தப் பாடங்களைவிட நல்ல அடித்தளமும் கிடையாது. புள்ளி போதாவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கூடவே கணக்குப் பதிவியல் கற்கட்டும். டாவின்சி ரிசோல்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே இப்போதைக்குத் தாராளம். இரவுப் பயணத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. படப்பிடிப்பு நேரத்தையும் வாகனத்தையும் முடிவு செய்பவர் தயாரிப்பாளரே என்பதால், அதை ஒழுங்கு செய்யும் அதிகாரம் அவள் கையில்தான் இருக்கும்.

சேமலாப நிதி வந்ததும் உங்கள் பெயரில் மட்டும் நிலையான வைப்பில் இடுங்கள், நகை பெட்டியிலேயே இருக்கட்டும். வரும் சனிக்கிழமை மகளோடு தம்பியையும் அழைத்து வாருங்கள். அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் நானே விரித்து வைக்கிறேன்.